பதினொன்று நாற்பத்திரண்டுக்கு விழும் இலை

ஷிரகுமோ தோட்டத்தில் இலைகள் யாரையும் கேட்காமல் விழுந்துகொண்டிருந்த கடைசி வருடத்தில் நடந்தது இது. இப்போது அப்படி இல்லை. எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

நவம்பர் மாதம், நாள்காட்டியில் நல்ல நாள் என்று போட்டிருந்த ஒரு சனிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு மொரிவாகி தோட்டத்தின் தெற்கு வாசலில் வந்து நின்றார். கறுப்பு சூட், வெள்ளி நிற டை, முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த காலணி. முப்பத்து நான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டி, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் சிஹரு. அன்று மதியம் ஒரு மணிக்கு, தோட்டத்தின் வடக்கு வாசலை ஒட்டிய கவாசெமி உணவகத்தில், அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் குடும்பத்தை முதன்முறையாகச் சந்திக்க வேண்டும். பெண் வீட்டுத் தரப்பில் உட்கார மொரிவாகியை விட்டால் வேறு ஆளில்லை. அவர் வராவிட்டால் மேசையின் ஒரு பக்கத்தில் சிஹரு மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

ஒரு மணிக்கு நடக்கும் காரியத்துக்குப் பத்தே முக்காலுக்கு ஏன் வந்தார் என்று கேட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஓட்டிய வண்டி ஒரு நாளும் தாமதமாக நிறுத்தத்துக்கு வந்ததில்லை. அதே முப்பத்து நான்கு வருடத்தில் சிஹருவின் ஒரு விளையாட்டு விழாவுக்கும், ஒரு பட்டமளிப்புக்கும் அவர் நேரத்துக்குப் போனதில்லை. அவர் போய்ச் சேரும்போது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருப்பார்கள். போன வாரம் தொலைபேசியில் அவள் சொன்னாள்: "அப்பா, ஒரே ஒரு தடவை. பஸ் ஸ்டாப்புக்கு வர்ற மாதிரி எனக்கும் வந்துடுங்க." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனாலேயே அவருக்கு அது நெஞ்சில் குத்தியது.

எனவே போன ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை உணவகம் வரை வந்து, நேரம் பார்த்து, திரும்பிப் போயிருந்தார். இன்று இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை குளத்தங்கரைப் பலகையில் உட்கார்ந்து, சம்பந்தியிடம் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம் என்று திட்டம்.

குளத்தங்கரையில் பலகை இல்லை. பலகை இருந்த இடத்தில் கூடாரம் இருந்தது. கூடாரத்தின் மேல் துணிப் பதாகை: 'பாரம்பரியக் கலைகளை அனுபவிப்போம்! இயல்பாக! சுதந்திரமாக!' கீழே சின்ன எழுத்தில், நகராட்சிப் பண்பாட்டுச் செழிப்பு மேம்பாட்டுப் பிரிவு. கூடாரத்துக்குள் பதினேழு ஊழியர்கள் ஒரே நீல நிற அங்கியில் வரிசையாக நின்றார்கள். பார்க்க வந்தவர்கள் என்று ஒருவரும் இல்லை. மொரிவாகி எட்டிப் பார்த்ததும் பதினேழு பேரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள்.

"வந்துட்டார்!" என்றான் வரிசையில் யாரோ.

கனத்த கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒருவர் முன்னால் வந்தார். பிரிவின் தலைவர் இசோபே. ஐம்பது வயதிருக்கும். குழந்தையைப் பெற்றவள் பிடித்திருப்பதுபோல் கோப்பைப் பிடித்திருந்தார்.

"வாங்க வாங்க, பங்கேற்பாளர் ஐயா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். பதினோரு மணிக்குத்தான் நேரம், நீங்க பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. நல்ல பழக்கம்."

"மன்னிக்கணும். நான் அதுக்கு வரலைங்க. சும்மா பலகையில உட்கார..."

இசோபே கோப்பைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "ஆஹா. நாலாம் பக்கம். பாத்தியா ஓகினோ? 'பங்கேற்பாளர் அடக்கத்தோடு தயங்குகிறார்.' சொல்லிக் குடுக்காமலே செய்யறார்."

ஓகினோ என்ற இளம்பெண் கையிலிருந்த பட்டியல் அட்டையில் ஒரு கோடு போட்டாள். "முதல் தயக்கம், சரி."

"இல்லைங்க, நிஜமாவே நான் அந்த ஆள் இல்ல."

"ரெண்டாவது தயக்கம், சரி," என்றாள் ஓகினோ.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் முறை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்பவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவையும் மறுப்பவன் சண்டைக்காரன். மொரிவாகி தன்னை எட்டி உதைத்த குடிகாரப் பயணியிடமே மன்னிப்புக் கேட்டவர். மூன்றாம் முறை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் இருக்கிறதே, ஒரு கிண்ணம் தேநீர் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார்.

"அப்படின்னா, கொஞ்ச நேரம்," என்றார்.

பதினேழு பேரும் கைதட்டினார்கள். ஓகினோ அவர் மார்பில் ஒரு அட்டையைக் குத்தினாள்.

அடுத்த கால் மணி நேரத்தில் மொரிவாகி தன் உடைமைகளை எல்லாம் இழந்தார். முதலில் உடை. பாரம்பரியக் கலையைப் பாரம்பரிய உடையில்தான் அனுபவிக்க வேண்டுமாம். சூட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். கைக்கடிகாரம் பாரம்பரியம் அல்ல என்பதால் அதுவும் பெட்டிக்குள். தொலைபேசி கால்சட்டைப் பையோடு போயிற்று. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று சாம்பல் நிறக் கிமோனோவை அவருக்குச் சுற்றி, இடுப்புக் கச்சையை இழுத்து இறுக்கினார்கள். மூச்சு பாதிதான் உள்ளே போயிற்று. அட்டையை மறக்காமல் எடுத்துக் கிமோனோவின் மேல் குத்தினார்கள்.

பிறகு காலணி. தேநீர்க் குடிலின் படியில் கழற்றி வைத்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு ஊழியர் வெள்ளைக் கையுறையோடு அதை ஒரு தட்டில் ஏந்தித் தெற்கு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்க கொண்டு போறார்?" என்று பதறினார் மொரிவாகி.

"காலணிப் பாதுகாப்பு மையத்துக்கு," என்றாள் ஓகினோ. "போன வருஷம் யாரோ ஒருத்தர் காலணியை இன்னொருத்தர் மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு குழு போட்டு, மையம் தொடங்கிட்டோம். கவலைப்படாதீங்க ஐயா, ரொம்பப் பத்திரமா இருக்கும். நாங்களே நெனச்சாலும் சட்டுனு எடுக்க முடியாது."

காலுறையோடு மண்ணில் இறங்கி நடப்பதை எங்கள் ஊரில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். காலணி போனால் கால் போன மாதிரிதான். மொரிவாகி குடிலுக்குள் போய் முட்டியை மடித்து, குதிகாலின் மேல் உட்கார்ந்தார்.

எதிரே தேநீர் ஆசிரியை ஷிராதோரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது. முதுகில் அளவுகோல் வைத்துக் கட்டினது போன்ற நிமிர்வு. அவளுக்கு இரு பக்கமும் இரண்டு ஊழியர்கள். ஒருவர் கையில் வெப்பமானி, இன்னொருவர் கையில் ஒவ்வாமைப் பட்டியல்.

"தண்ணி எண்பது டிகிரி," என்றார் ஒருவர், கெட்டிலைத் தொடாமலே.

"இனிப்பில் சிவப்புப் பயறு, சர்க்கரை, கோதுமைத் தடயம். ஒவ்வாமை உண்டா?" என்றார் மற்றவர்.

"இல்லைங்க."

தட்டில் இனிப்பு வந்தது. அது வட்டமாக வெட்டிய அட்டை. மேலே அழகான எழுத்தில் 'இனிப்பு' என்று எழுதியிருந்தது. மொரிவாகி அதைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார். அவள் கண்ணசைத்தாள். அவர் அட்டையை எடுத்து வாய்க்கு அருகே கொண்டுபோய், மரியாதையோடு மடித்துக் கிமோனோ மடிப்பில் வைத்துக்கொண்டார்.

பிறகு கிண்ணம். ஷிராதோரி அம்மாள் மூங்கில் மத்தால் கிண்ணத்துக்குள் வெகு நேரம் கலக்கினாள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் கலக்கினாள். கிண்ணத்தை இரு கையாலும் அவர் முன் வைத்தாள். மொரிவாகி குனிந்து வணங்கி, எடுத்து, இரண்டு முறை திருப்பி, உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை. காய்ந்த கிண்ணம்.

தேநீர்க் கலை நுட்பமானது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இவ்வளவு நுட்பம் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் சமாசாரம், நமக்குப் புரியாதது ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து, மூன்று மிடறில் வெறுங்காற்றைக் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் இசோபே, கோப்பில் விரலை வைத்தபடி.

"ரொம்ப... லேசா இருக்குங்க."

"'என்ன ஆழம்!' அப்படின்னு வரணும். ஏழாம் பக்கம். எதிர்பாராத வியப்பு. இன்னொரு தடவை பண்ணிடலாமா?"

ஆசிரியை மறுபடி கலக்கினாள். அவர் மறுபடி குடித்தார். "என்ன ஆழம்!"

"இன்னும் கொஞ்சம் எதிர்பாராம," என்றார் இசோபே.

நான்காவது தடவை குடித்தபோது, திறந்திருந்த கதவு வழியாக ஒரு மேப்பிள் இலை காற்றில் மிதந்து வந்தது. சிவப்பு, விளிம்பில் கொஞ்சம் மஞ்சள். ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, மொரிவாகி கையில் ஏந்தியிருந்த கிண்ணத்துக்குள் வந்து விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். மனைவி இருந்தபோது இதே தோட்டத்துக்கு ஒருநாள் வந்தார்கள். அவருக்கு அடுத்த பேருந்து நடைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவள் மட்டும் இருந்து பார்த்துவிட்டு வந்தாள். என்ன பார்த்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் "ஆ," என்றார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து தானாக வந்த சத்தம் அது ஒன்றுதான்.

"நிறுத்து!" என்றார் இசோபே. "இதை யார் போட்டது?"

யாரும் போடவில்லை. இலை உதிரும் காட்சி பன்னிரண்டு பத்துக்கு. அதற்காக இரண்டு ஊழியர்கள் மரத்தின் மேல் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இறக்கி விசாரித்தார்கள். கூடையில் நூற்றிருபது இலையும் எண்ணிக்கை குறையாமல் இருந்தது. அப்படியென்றால் இது வெளி இலை. குடிலின் மூலையில் ஐந்து பேர் கூடி ஆலோசித்தார்கள். இலையைக் கழுவிய பிறகு கிண்ணத்தில் விழ வைத்திருக்கலாம் என்று ஒருவர் வருந்தினார். ஓகினோ நேரத்தைக் குறித்துக்கொண்டாள்: பதினொன்று நாற்பத்திரண்டு.

ஆலோசனை முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை மொரிவாகி முட்டி மடக்கிய நிலையிலேயே இருந்தார். காலில் முதலில் எறும்பு ஊறியது, பிறகு கால் எரிந்தது, பிறகு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இலை உதிரும் காட்சியும் முடிந்த பிறகு துணை மேயரின் வாழ்த்துரை. இசோபே எழுந்து, தன் மார்பில் வேறு அட்டை ஒன்றைக் குத்திக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே! இந்தத் தோட்டம் முந்நூறு வருஷமா சும்மா கெடந்துது. ஜனங்க வந்தாங்க, உட்கார்ந்தாங்க, குளத்தைப் பார்த்தாங்க, எழுந்து போனாங்க. எத்தனை பேரு வந்தாங்க, எவ்வளவு நேரம் பார்த்தாங்க, என்ன அனுபவிச்சாங்க, ஒரு பதிவு உண்டா? கெடையாது. அனுபவிச்சாங்களா இல்லையான்னு கேட்க ஒரு படிவம்கூட இல்லாத காலம் அது! நெனச்சாலே எனக்குத் தூக்கம் வராது. மொதல் வருஷம் நாங்க பலகையை எடுத்தோம். ஏன்னா, உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க. ரெண்டாவது வருஷம் மீனுக்குப் பொரி போடுறதை நிறுத்தினோம். அது அனுபவம் இல்ல, வெறும் சந்தோஷம். இப்போ இந்தத் தோட்டத்துல சும்மா இருக்கிற இடம் மொத்தமே பதினொரு சதவீதம்தான். அடுத்த வருஷம் அதையும் ஒழிச்சுடுவோம்னு உறுதி கூறுகிறேன்!"

பதினாறு பேர் கைதட்டினார்கள். மொரிவாகியும் தட்டினார். தட்டும்போதுதான் இசோபேயின் அட்டை கண்ணில் பட்டது. 'துணை மேயர் (மாதிரி)'. பக்கத்தில் பொன்னிறப் பொய்முடி வைத்துக்கொண்டு ஓகினோ நின்றாள். 'வெளிநாட்டுப் பயணி (மாதிரி)'. அவர் மெல்லக் குனிந்து, தன் மார்பில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படித்தார்.

'பங்கேற்பாளர் (மாதிரி)'.

"இது... இது ஒத்திகையா?"

"ஆமாம் ஐயா. விழா நாளைக்கு இல்லையா?" என்றாள் ஓகினோ. "ஆனா இது கடைசி ஒத்திகை இல்ல. சாயந்திரம் நாலு மணிக்கு இறுதி ஒத்திகை இருக்கு. அதுக்கும் நீங்கதான்."

அப்போதுதான் கிண்ணம் காலியாக இருந்ததன் ஆழம் அவருக்குப் புரிந்தது. தேநீருக்கான அனுமதி நாளைக்குத்தான்.

"மணி என்ன?"

"பன்னெண்டு நாற்பத்தஞ்சு."

மொரிவாகி கூச்சத்தை எல்லாம் உதறிவிட்டு வாயைத் திறந்தார்.

"ஐயா, தயவு பண்ணிக் கேளுங்க. நான் உங்க மாதிரி ஆள் இல்ல. பஸ் ஓட்டினவன். ஒரு மணிக்கு என் பொண்ணோட மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கணும். வடக்கு வாசல்ல. அவ அம்மா இல்ல. நான் போகலைன்னா அவ தனியா உட்கார்ந்திருப்பா. அவ பிறந்ததுல இருந்து ஒரு தடவைகூட நான் நேரத்துக்குப் போனது இல்லைங்க. அவ கேட்டது இது ஒண்ணுதான். என்னை விட்டுடுங்க."

ஷிராதோரி அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். இசோபேவுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ஒன்பதாம் பக்கம்," என்றார் அவர், குரல் தழுதழுக்க. "'பங்கேற்பாளர் மனம் திறந்து தன் சொந்த வாழ்க்கையைப் பகிர்கிறார், முப்பது வினாடி.' இப்படி ஒருத்தர் செஞ்சு நான் பார்த்ததே இல்ல."

"முப்பத்தெட்டு வினாடி," என்றாள் ஓகினோ. "எட்டு வினாடி அதிகம்."

"பரவாயில்ல, விடு. அம்மா செத்த எடத்தைக் கொஞ்சம் சுருக்கிடலாம்."

மொரிவாகிக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கோபம் வந்தது. மூன்றாம் முறையும் மறுப்பதற்கு வேண்டிய கோபம். "முடியாது!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். எழுந்தார் என்பது அவர் நினைப்பு. ஒன்றரை மணி நேரம் உடம்பின் கீழ் மடிந்து கிடந்த கால்கள் அவர் கூட வரவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் கிளம்பி, வெட்டின மரம் மாதிரி முகம் குப்புறப் பாயில் விழுந்தார்.

யாரும் அவரைத் தொடவில்லை. எல்லோரும் இசோபேயைப் பார்த்தார்கள். இசோபே கோப்பைப் பார்த்தார்.

"இருபத்திரண்டாம் பக்கம். 'பேரிடர் பயிற்சி: பங்கேற்பாளர் மயங்கி விழுகிறார்.' பன்னெண்டு அம்பதுக்கு." சலிப்போடு கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே விழுந்துட்டாரே. பன்னெண்டு நாற்பத்தி ஏழுதான் ஆகுது."

"எழுப்பி மறுபடி விழச் சொல்லவா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாம். காத்திருப்போம்."

மூன்று நிமிடம் காத்திருந்தார்கள். பாயில் மூக்கு நசுங்கக் கிடந்த மொரிவாகிக்கு, சிஹருவின் ஆறாம் வகுப்பு ஓட்டப் பந்தயம் ஞாபகம் வந்தது. அவள் மூன்றாவதாக வந்தாளாம். அவர் போனபோது கோடுகளை அழித்துக்கொண்டிருந்தார்கள். போதும், இனிமேல் என்னால் முடியாது என்று நினைத்தார். யாரிடமும் கெஞ்சக்கூடாது. கெஞ்சினால் பக்க எண் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு ஐம்பது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே!" என்று ஓகினோ விதிப்படி மூன்று தடவை கத்தினாள். நான்கு பேர் தூக்குப் படுக்கையோடு ஓடி வந்தார்கள். அவரைப் புரட்டிப் போட்டு, பட்டையால் கட்டி, தூக்கினார்கள். வெளியே வந்ததும் அம்புக்குறிப் பலகை: 'ஒருவழிப் பாதை, தெற்கு வாசல்'. நால்வரும் தெற்கே திரும்பினார்கள்.

மொரிவாகி மல்லாந்து கிடந்தார். மேலே மேப்பிள் கிளைகள். நான்கு முகங்கள். ஒரு வண்டி, நான்கு சக்கரம், ஒரு பாதை. சட்டென்று அவருக்கு நிதானம் வந்தது. முப்பத்து நான்கு வருடமாக ஒலிபெருக்கியில் பேசிய அந்தக் குரலை எடுத்தார். ஏற்ற இறக்கம் இல்லாத, மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாத குரல்.

"பயணிகள் கவனத்துக்கு. தெற்குப் பாதையில் சாலைப் பணி நடைபெறுவதால், இந்த வண்டி இன்று மாற்றுப் பாதையில் வடக்கு வாசல் வரை செல்லும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

நால்வரும் நின்றார்கள். எங்கள் ஊரில் மனிதன் கெஞ்சினால் கேட்பதற்கு ஆள் இல்லை. அறிவிப்பு வந்தால் எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. நால்வரும் வடக்கே திரும்பினார்கள்.

கட்டுக்குள்ளிருந்து வலது கையை மட்டும் உருவிக்கொண்டு, வண்டியோட்டிகள் வழக்கப்படி விரலை நீட்டி நீட்டிச் சொன்னார் மொரிவாகி. "வலப்பக்கம் சரி. இடப்பக்கம் சரி. முன்னால் பாலம். வேகத்தைக் குறைக்கவும். புறப்படு."

பின்னால் இசோபே கோப்போடு ஓடி வந்தார். "நில்லுங்க! வடக்கு வாசல் எந்தப் பக்கத்துல இருக்கு? எந்தப் பக்கம்?" திசையை அவர் கேட்கவில்லை. கோப்பில் அது எத்தனையாம் பக்கம் என்றுதான் தேடிக்கொண்டு ஓடினார்.

"ஓடும் வண்டியில் ஏற முயற்சிக்க வேண்டாம்," என்றார் மொரிவாகி.

கவாசெமி உணவகத்தின் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அயுகாவா கோயில்களுக்கு ஓடு வேய்கிற குடும்பம். சிரித்தால் ஓடு சரியும் என்று நினைப்பவர் போன்ற முகம். பக்கத்தில் மனைவி, மகன், மகனின் அக்கா. எதிரே இளஞ்சிவப்புக் கிமோனோவில் சிஹரு, தனியாக, தெருமுனையைப் பார்த்தபடி. அவள் முகத்தில் கோபம் இல்லை. பழகிப்போன முகம் அது. 'இதோ வந்துடுவார்' என்று மூன்றாவது தடவையாக அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது வடக்கு வாசல் திறந்து, பொன்னிறப் பொய்முடி வைத்த ஒரு பெண் வழிவிட, நீல அங்கி நால்வர் சுமக்க, சாம்பல் கிமோனோவில் அவள் தகப்பன் வந்து சேர்ந்தார்.

"கவாசெமி. கவாசெமி. இறக்கவும்," என்றார் மொரிவாகி. தூக்குப் படுக்கை தரையில் இறங்கியது.

உணவகத்தின் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.

"நான் சிஹருவோட அப்பா," என்றார், படுத்தபடியே கழுத்தை மட்டும் வளைத்து வணங்கி. "இந்தக் கோலத்துல வந்ததுக்கு மன்னிக்கணும்."

அயுகாவா சங்கடத்தில் தவித்தார். பெண் கேட்டு வந்தவர்கள், பெண்ணைப் பெற்றவரைவிடத் தாழ்ந்து வணங்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் பெண்ணைப் பெற்றவர் தரையோடு தரையாகக் கிடக்கிறார். ஒரு கணம் யோசித்துவிட்டு, கோயில் ஓடு வேய்பவர் நடைபாதைக் கல்லில் முட்டி போட்டு, நெற்றியைக் கல்லில் வைத்தார். மனைவி வைத்தாள். மகனும் அவன் அக்காவும் வைத்தார்கள். அதைப் பார்த்துத் தூக்கி வந்த நால்வரும், தாங்கள் மட்டும் நிற்பது மரியாதையில்லை என்று கீழே விழுந்தார்கள். ஓகினோவும் விழுந்தாள். பொய்முடி உருண்டு ஓடியது. அந்தத் தெருவில் அப்போது நின்றுகொண்டிருந்தவள் சிஹரு ஒருத்திதான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்கப்பா," என்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று. மொரிவாகியும் அழுதார். கல்லில் நெற்றி வைத்திருந்த அயுகாவாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று அவர் மனைவிக்கே தெரிய வெகு நேரம் ஆனதாம்.

இசோபே மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தரையில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்து, மொரிவாகியின் மார்பின் மேல் ஒரு படிவத்தையும் பேனாவையும் வைத்தார்.

"கருத்துப் படிவம், ஐயா. கடைசிப் பக்கம். இதை வாங்கலைன்னா நீங்க அனுபவிச்சதா கணக்காகாது."

இருபத்தைந்து கேள்விகள். மொரிவாகி கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினார். 'உங்கள் மனதைத் தொட்டது எது?' அவர் எழுதினார்: 'கிண்ணத்தில் தானாக விழுந்த இலை.'

இசோபே அதைப் படித்தார். மறுபடி படித்தார். கோப்புக்குள் பத்திரமாக வைத்தார்.

உண்மையான மாதிரி ஆள் ஹமாதா என்பவர் பதினொரு மணிக்குச் சரியாக வந்திருக்கிறார். மாதிரி ஏற்கெனவே வந்துவிட்டார் என்று சொன்னார்களாம். இரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிரிவின் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: 'மாதிரிப் பங்கேற்பாளர் மிகவும் இயல்பாக இருந்தார். நிஜப் பங்கேற்பாளர்களிடம் இந்தத் தரத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.'

மொரிவாகியின் சூட்டையும் தொலைபேசியையும் அன்றே கொடுத்துவிட்டார்கள். காலணி மட்டும் வரவில்லை. மறு வருடம் நவம்பரில் கடிதம் வந்தது, நேரில் வந்து முத்திரை வைத்துப் பெற்றுக்கொள்ளும்படி. கல்யாணமாகி ஏழு மாதமாகியிருந்த சிஹருவும் கூட வந்தாள். வெள்ளைக் கையுறைக்காரர் தட்டில் ஏந்திக் கொண்டுவந்த காலணியில் ஒரு தூசு இல்லை.

"அவ்வளவு அவசரமா என்னப்பா, கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டுப் போலாமே," என்றாள் சிஹரு.

"எனக்கு எந்த நடையும் இல்ல இன்னிக்கு," என்றார் மொரிவாகி. அவள் அம்மாவை அன்று பாதியில் விட்டுவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். அவள் அம்மா அதை அவளிடம் சொல்லியிருந்தாளாம். தனியாகப் பார்த்ததைப் பற்றிச் சொன்னாளாம், அப்பாவைத் திட்டவில்லையாம்.

குளத்தங்கரையில் புதிதாக ஒரு பலகை வந்திருந்தது. உட்காரும் பலகை அல்ல, அறிவிப்புப் பலகை. அதைச் சுற்றி நாற்பது பேர் கையில் காலிக் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். மரத்தின் மேல் நான்கு ஊழியர்கள், கையில் கழுவி உலர்த்திய இலைகள். கீழே இசோபே ஊதலை வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு உட்கார இடமில்லாமல் அப்பாவும் மகளும் புல்லிலேயே உட்கார்ந்தார்கள். வரிசைக்கு வெளியே நின்ற இன்னொரு மரத்திலிருந்து ஒரு இலை கழன்று, காற்றில் சுற்றி, சிஹருவின் மடியில் வந்து விழுந்தது. மணி பதினொன்று நாற்பதுதான் ஆகியிருந்தது. மொரிவாகி பயந்துபோய் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் படித்தார்.

'தானாக விழும் இலை, தினமும் 11.42. மற்ற நேரங்களில் விழும் இலைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

"மறைச்சு வை," என்றார் மகளிடம்.